மொழிக்கு உறுதி தேடித் தந்த நீதிபதி

(சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் நினைவாகச் சிறுப்பிட்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு வந்தவர்களும், கந்தோரிலிருந்தும் பாடசாலையிலிருந்தும் நேரே வந்தவர்களும் இங்கே ஒன்றாக அமர்ந்திருக்கின்றீர்கள். நாம் இன்று நினைவுகூரும் பெரியார் உங்கள் இரு சாராருக்கும் உரியவர். இந்தச் செம்மண் ஊரிலே பிறந்தார், கல்வியினால் உயர்ந்தார், கடல் கடந்த நாட்டிலே நீதிபதியாக வீற்றிருந்தார். உயர்ந்த பின்னரும் தம் மக்களுக்கும் தம் மொழிக்கும் உழைப்பதை அவர் கைவிடவில்லை.

சி. வை. தாமோதரம்பிள்ளை என்றதும் பதிப்பாசிரியர் என்ற சொல்லே நம் நாவில் வருகின்றது. அது பொருத்தமே. ஆயினும் அவர் சீவனத்துக்காகச் செய்த தொழில் பதிப்பன்று. கணக்கும் சட்டமுமே அவருடைய தொழில்கள். அத்தொழில்களிலே பெற்ற பயிற்சியைத்தான் அவர் தமிழுக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்பது என் துணிபு. நான் நீதிமன்றத்திலே காலங்கழிப்பவன், புலவனல்லேன். ஆதலின் அவருடைய புலமையை அளக்கும் வேலையைப் புலவர்களிடம் விட்டுவிட்டு, சட்டம் கற்ற ஒருவர் தம் மக்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு அவர் வாழ்வு தரும் சான்றை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

சிறுப்பிட்டி முதல் புதுக்கோட்டை வரை

1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி, வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாக அவர் இவ்வூரிலே பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கற்றார். தெல்லிப்பழையிலே அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் பயின்றார். கோப்பாயிலே சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தொடர்பினாலே சென்னை சென்று, ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகையை நடத்தும் பணியிலே அமர்ந்தார். 1854ஆம் ஆண்டிலே, அகவை இருபத்திரண்டை எட்டும் பருவத்திலே, நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றது. அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் காறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டையிலே கற்றவர்கள். தென்னிந்தியா முழுவதற்கும் பொதுவான ஒரு கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டங்களும் நம் குடாநாட்டுக்கே கிடைத்தன என்பதை இங்குள்ள மாணவர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

அதன்பின் அவர் கள்ளிக்கோட்டையிலே அரசினர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். சென்னை அரசாங்கக் கணக்குப் பகுதியிலே சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1871ஆம் ஆண்டிலே பி. எல். பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதை அண்மியிருந்தது. 1882ஆம் ஆண்டிலே கணக்குப் பகுதியிலிருந்து இளைப்பாறியபின், கும்பகோணத்திலே வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1887ஆம் ஆண்டிலே புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிமன்றத்திலே நடுவராக நியமிக்கப்பெற்று 1890ஆம் ஆண்டு வரை அப்பதவியிலே இருந்தார். 1895ஆம் ஆண்டிலே ராவ்பகதூர் பட்டம் வழங்கப்பெற்றது. 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி சென்னையிலே காலமானார்.

அன்பர்களே! இவ்வளவும் ஓர் உத்தியோகத்தரின் வரலாறு. இத்தகைய வரலாறுகள் நம் நாட்டிலே பல உண்டு. அவற்றுட் பல, பென்சன் எடுத்த நாளோடு முடிந்துபோகின்றன. தாமோதரம்பிள்ளையின் வரலாற்றிலோ பெரும்பணி அந்த நாளை ஒட்டித்தான் விரிவடைகின்றது.

உறுதியில்லாக் காணி

கமக்காரப் பெருமக்களே! உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு விடயத்தைச் சொல்லி மேலே செல்கின்றேன். ஒருவருக்கு இரண்டு பரப்புத் தோட்டக்காணி இருக்கின்றது. பாட்டன் காலந் தொட்டு அவர் குடும்பமே அதைக் கொத்தி, எருவிட்டு, வெங்காயமும் புகையிலையும் நட்டு வந்தது. ஊராருக்கெல்லாம் அது தெரியும். ஆயினும் அயலவர் ஒருவர் வேலியைத் தள்ளிப் போட்டு, வழிவாய்க்காலை மறித்து, கிணற்றிலே உமக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டால், அவர் எங்கே போவார்? நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே முதலிலே கேட்கப்படுவது யாது? “உறுதி எங்கே?” என்பதுதான். உறுதியைக் காட்டினால் வழக்குச் சுருங்கும். உறுதி கறையானுக்கு இரையாகியிருந்தால், உண்மை அவர் பக்கம் இருந்தும் அவர் ஆண்டுக்கணக்காக அலைய வேண்டும். உரிமை வேறு, உரிமையை நிலைநாட்டும் சான்று வேறு.

மொழிக்கும் இதே விதிதான். தமிழ் தொன்மையான மொழி என்றும், தனக்கென இலக்கணமும் இலக்கியமும் உடைய மொழி என்றும் நாம் சொல்லுகின்றோம். சொன்னாற் போதுமா? “உறுதி எங்கே?” என்று உலகம் கேட்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அக்கேள்விக்கு நாம் தந்திருக்கக்கூடிய விடை மிகச் சிறியது. நம் மொழியின் பழைய உறுதிகளிற் பெரும்பாலானவை மடங்களிலும், புலவர் வீடுகளிலும், பரணிலும், அடுப்படிப் புகையிலும் ஓலைக்கட்டுகளாகக் கிடந்தன. ஏடு என்பது நிரந்தரமான பொருளன்று. செல்லும் பூச்சியும் அரிக்க அரிக்கப் புதிதாக எழுதிக்கொண்டே வரவேண்டிய பொருள். எழுதுவோர் குறைந்தனர். ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைத்தது. ஏடு எழுதினால் யாது கிடைத்தது? தொட்ட மாத்திரத்தே ஓரம் உதிர்ந்துபோகும் நிலையிலே ஏடுகள் கிடந்ததைத் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையிலே மனம் வருந்தி எழுதியிருக்கின்றார்.

1868ஆம் ஆண்டிலேயே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் அவர் வெளியிட்டார். அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலர் 1879ஆம் ஆண்டிலே மறைந்தார். அவர் இருந்த வரையும் ஏடுகளைச் செம்மையாக அச்சேற்றும் பணியைச் சுமக்க ஒருவர் இருந்தார். அவர் மறைந்தபின், “இனி யார்?” என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு விடையாகத் தம்மையே கொடுத்தவர் நம் சிறுப்பிட்டியார்.

பாலா, பரலா?

ஏட்டை எடுத்து அப்படியே அச்சிட்டால் முடிந்துவிடும் வேலைதானே என்று சிலர் எண்ணக்கூடும். அது அவ்வாறன்று. பழைய ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும், ஆகாரத்துக்குப் போடும் காலும் ஒரே வடிவாக இருக்கும். எனவே ‘பால்’ என்று எழுதினாலும் ‘பரல்’ என்று எழுதினாலும் ஏட்டிலே தோற்றம் ஒன்றே. ஒன்று நாம் குடிப்பது. மற்றது காலிலே குத்தும் பருக்கைக் கல். ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று தீ, மற்றது நீர். இவற்றுள் எது சரி என்பதை ஓரிடத்திலன்று, ஆயிரக்கணக்கான இடங்களிலே தீர்மானிக்க வேண்டும். இதன்மேல், எழுதினவர் விட்ட பிழையும், பூச்சி தின்ற துளையும், இடையிலே தொலைந்துபோன ஏடுகளும் உண்டு.

இதைத் தீர்க்கும் வழி யாது? நீதிமன்றத்திலே நாம் செய்வதுதான் வழி. ஒரு சாட்சியை மாத்திரம் நம்பித் தீர்ப்பளிப்பது ஆபத்து. பல சாட்சிகளை அழைக்க வேண்டும். எல்லாச் சாட்சிகளும் ஒரே வாயிலிருந்து கேட்டுச் சொல்லுகின்றனரா, அன்றித் தனித்தனியே கண்டவர்களா என்று பார்க்க வேண்டும். தாமோதரம்பிள்ளை பல ஊர்களிலிருந்து பிரதிகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். கணக்குப் பகுதியிலே பழகிய கண், எண் தவறினாற் பிடிக்கும் கண், எழுத்துத் தவறினாலும் பிடித்தது. வழக்கறிஞராகப் பழகிய மனம், சான்றில்லாத இடத்திலே ஊகத்தை உண்மையென்று சாதிக்கக் கூசியது.

அவர் செய்தவற்றிற் பிழையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1885ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையென்றே வெளியிட்டார். பிற்காலத்திலே இரா. இராகவையங்கார் ஆராய்ந்து, அவ்வுரையின் பிற்பகுதி பேராசிரியர் இயற்றியது என்று நிறுவினார். இராகவையங்கார் அதனை ஆராய முடிந்தது எதனால்? நூல் அச்சிலே எல்லார் கண் முன்னும் இருந்ததனால். கீழ்நீதிமன்றத்திலே தீர்ப்பு எழுத்திலே இருந்தாற்றான் மேன்முறையீடு செய்ய முடியும். எழுதாத தீர்ப்பைத் திருத்த எவராலும் முடியாது. தம் காலத்துப் புலவர் சிலர் அவருடைய பதிப்புகளைக் கடிந்து எழுதியதும் உண்டு. கண்டனத்துக்கு அஞ்சி அவர் நிறுத்தியிருந்தால் ஏடுகள் அவருக்காகக் காத்திருக்கமாட்டா, செல்லரித்து மண்ணாகியிருக்கும்.

நடுவர் ஆசனமும் ஏட்டுக் கட்டும்

இனி, உத்தியோகத்திலுள்ளோர் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கைச் சொல்லுகின்றேன். வீரசோழியம் 1881ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அப்போது அவர் அரசாங்கக் கணக்குப் பகுதியிலே இருந்தார். இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் 1883ஆம் ஆண்டிலும், பொருளதிகாரம் 1885ஆம் ஆண்டிலும் வந்தன. கலித்தொகை வெளிவந்த ஆண்டு 1887. அவர் நீதிபதியான ஆண்டும் அதுவே. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலாக அச்சேறியது அக்கலித்தொகைதான். சங்கப் பாட்டு என்று இன்று பாடசாலைப் பிள்ளைகளும் படிக்கின்ற செல்வத்துக்கு அச்சுலகத்தின் வாயிலைத் திறந்த கை, புதுக்கோட்டை நீதிபதியின் கை. 1889ஆம் ஆண்டிலே இலக்கண விளக்கமும் சூளாமணியும் வந்தன. அப்போதும் அவர் நடுவர் ஆசனத்திலேயே இருந்தார். பதவியிலிருந்து விலகியபின், 1891ஆம் ஆண்டிலே எழுத்ததிகாரமும், 1892ஆம் ஆண்டிலே சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தன.

“எனக்கு நேரமில்லை” என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. வைத்தியர் சொல்லுகின்றார், எந்திரி சொல்லுகின்றார், சட்டத்தரணிகளாகிய நாங்கள் எல்லாரிலும் உரத்துச் சொல்லுகின்றோம். வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதிய அந்த மூன்றாண்டுக்குள் மூன்று பெருநூல்களை வெளிக்கொணர்ந்தவரிடம் இச்சொல் செல்லுமா? பதிப்புப் பணியிலே இலாபமும் இல்லை. அக்காலத்திலே இத்தகைய நூலை வாங்குவோர் மிகச் சிலர். தொழிலிலே ஈட்டிய பொருளைத் தமிழ் நூல்களிலே செலவிட்டார் என்பதுதான் அவருடைய வரவு செலவுக் கணக்கு.

வீரசோழியப் பதிப்புரையிலே தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலங்களாக வகுத்துக் காட்டவும் முயன்றார். அப்பாகுபாட்டை இன்று எவரும் அப்படியே கொள்வதில்லை. ஆயினும், பழமையைப் புராணமாகக் கேட்டுத் திருப்தியடையாமல், எது முன் எது பின் என்று விசாரித்து அறிய வேண்டும் என்ற அந்த மனப்பான்மை நீதிமன்றத்துக்கே உரியது. தமிழிலக்கிய வரலாறு எழுதப்புகுந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவராக எண்ணப்படுவது இதனாலே.

ஏழாலைப் பள்ளிக்கூடம்

சென்னையிலும் கும்பகோணத்திலும் இருந்தவர் ஊரை மறந்தாரா? இல்லை. 1876ஆம் ஆண்டிலே ஏழாலையிலே ஒரு பாடசாலையை நிறுவினார். சுன்னாகம் முருகேச பண்டிதரும் குமாரசுவாமிப் புலவரும் அங்கே கற்பித்தனர். ஏழாலை எத்தகைய ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் ஊர். அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புலவர்களே ஆசிரியராக வாய்த்தனர். நூலை அச்சிட்டால் மட்டும் போதாது, படிப்பதற்கு ஆளும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசக புத்தகங்களும் எழுதினார். கல்லூரியிலே கற்பிக்கத்தக்க தமிழையும் கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டிய தமிழையும் அவர் வேறு வேறாகக் கருதவில்லை.

ஒரு பிரதியும் பல பிரதியும்

அன்பர்களே! இவருடைய பணியின் பயனை நம் தலைமுறை துன்பத்தின் வாயிலாகக் கற்றுக்கொண்டது. நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது, மூலத்தைக் காணிக்காரரிடம் கொடுக்கின்றார். ஒரு பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்புகின்றார். மற்றொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுகின்றார். ஏன் இவ்வளவு? ஒன்று அழிந்தாலும் மற்றொன்று நிற்க வேண்டும் என்பதற்காக. யுத்த காலத்திலே வீட்டைவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனையோ உறுதிகளை இழந்தன. காணிக் கந்தோரிலே பிரதி இருந்தவர்கள் மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். அங்கும் இல்லாதவர்கள் பட்ட பாட்டை நாங்கள் நீதிமன்றங்களிலே கண்டோம்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பராயின. அத்தீயிலே தொல்காப்பியமும் எரிந்தது, கலித்தொகையும் எரிந்தது. ஆயினும் அவை அழியவில்லை. அச்சிலே பல்லாயிரம் பிரதிகளாகிப் பல நாடுகளிலும் பரவியிருந்த நூல்களை ஒரு கட்டிடத்தை எரித்து அழிக்க முடியாது. அழிந்தவை எவை? ஒரே பிரதியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும். அவற்றை எந்தப் பணம் கொடுத்தும் இனி வாங்க முடியாது. தாமோதரம்பிள்ளை எதற்கு அஞ்சி ஓடி ஓடி உழைத்தாரோ, அதுவே நம் கண் முன் நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டிலே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியபோதும், அதன்பின் வந்த நீண்ட மொழிப் போராட்டத்திலும், தமிழின் தகுதியை எடுத்துக் கூறப் புகுந்தவர்கள் ஏடு தேடி அலையவில்லை. நூல்கள் கையிலே இருந்தன. 1987ஆம் ஆண்டிலே பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பிலே எழுதியது. 2004ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் தமிழைச் செம்மொழியென்று அறிவித்தது. அரசியல் உரிமையை நூல்கள் மட்டும் பெற்றுத்தந்துவிடமாட்டா என்பதை நான் அறிவேன். அதற்கு மக்களின் உறுதிப்பாடு வேண்டும். ஆனால், வழக்காட நிற்பவன் கையிலே ஆவணம் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அந்த ஆவணங்களை நமக்கு எடுத்துத் தந்தவர்களுள் நாவலரோடும், உ. வே. சாமிநாதையரோடும் வைத்து எண்ணத்தக்கவர் இவர்.

நாம் செய்யக்கூடியவை

பாராட்டிப் பேசிக் கலைந்துபோவதற்காக நாம் கூடவில்லை. நம்மாற் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

கமக்காரப் பெருமக்களே! உங்கள் வீடுகளிலே இன்னும் ஏடுகள் உள்ளன. பாட்டனார் வைத்த மாட்டு வாகடம் இருக்கலாம். கைவைத்திய முறை இருக்கலாம். சோதிடக் கணிதம் இருக்கலாம். கோயிற் கணக்கு இருக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்று அவற்றை எறியாதீர்கள். பூசை அறையிலே வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பொட்டிட்டால் போதுமென்றும் இராதீர்கள். பழைய உறுதிகளையும் தோம்புப் பிரதிகளையும் கடிதங்களையும் நோட்டீசுகளையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஏட்டை எவருக்கும் கொடுத்துவிட வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே அதைப் படம் பிடித்துவிட்டு உங்களிடமே திருப்பித் தரும் வசதி இக்காலத்திலே உண்டு. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் அவ்வாறு எவரும் படிக்கக்கூடிய வகையிலே சேர்த்து வைத்து வருகின்றது.

உத்தியோகத்தரே, தொழில் வல்லுநரே! ஏட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஊரூராகக் குறைந்து வருகின்றனர். வாரத்திலே ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, அவர்களிடம் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்; ஒரு ஏட்டைப் படித்து எழுதுங்கள். வைத்தியர் வைத்திய ஏட்டைப் பார்க்கட்டும். விவசாயப் போதனாசிரியர் வாகடத்தைப் பார்க்கட்டும். சட்டத்தரணிகளாகிய நாம் பழைய உறுதிகளையும் தேசவழமைச் சான்றுகளையும் பார்ப்போம். தாமோதரம்பிள்ளை தம் தொழிலை விட்டுவிட்டுத் தமிழுக்கு வரவில்லை. தம் தொழில் கற்றுத் தந்த திறமையோடு வந்தார். அதே வழி நமக்கும் திறந்திருக்கின்றது.

மாணவர்களே! இவ்வூர்ப் பிள்ளை ஒருவர் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானார் என்று பெருமை பேசுவது எளிது. அவர் படித்த படிப்பு யாருக்குப் பயன்பட்டது என்று கேளுங்கள். நீங்கள் நாளை கொழும்புக்குப் போனாலும், கனடாவுக்குப் போனாலும், அவர் புதுக்கோட்டையிலிருந்து செய்ததை நீங்கள் அங்கிருந்து செய்யலாம்.

நீதிபதியாக அவர் எழுதிய தீர்ப்புகள் அவ்வழக்காளிகளோடு முடிந்திருக்கும். மொழிக்கு அவர் தேடித் தந்த உறுதி இன்னும் நம் கையிலே இருக்கின்றது. அதனைக் கறையான் தின்ன விடாமற் காப்பது நம் பொறுப்பு.